சாயல் ஒன்று, வம்சம் வேறு

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'ஆன் தி ரன்' மூன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். பாட்டு வரி கிடையாது. எட்டே சுரங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 தட்டு வேகத்தில் சுழன்று சுழன்று வரும். அதன் மேல் யாரோ ஓடும் காலடிச் சத்தம், மூச்சிரைப்பு, விமான நிலைய அறிவிப்பு, முடிவில் ஒரு பெரும் வெடிச்சத்தம். 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டில் இருக்கிறது. டெக்னோ கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்த வகை இசையாகவே கேட்கும். அந்த வகைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது.

இந்த ஒற்றுமையிலிருந்து ஒரு கூற்று கிளம்பி நெடுநாளாக உலவுகிறது: எலெக்ட்ரானிக் நடன இசைக்கே வித்திட்டது இந்த ராக் பாட்டுதான் என்று. நல்ல ரசனை உள்ளவர்களே இதைச் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. வேறொரு ராக் பாட்டுக்கு அந்தப் பங்கு உண்மையாகவே உண்டு என்பது என் கட்சி. 'ஆன் தி ரன்' உருவான அதே 1972-ல், லண்டனில் அதே அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில், அதே ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்காகப் பதிவான பாட்டு அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'ஆன் தி ரன்'னுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம். 1972 தொடக்கத்தில் மேடையில் அவர்கள் வாசித்துவந்தபோது அந்த இடத்தில் இருந்தது கிதாரும் கீபோர்டும் சேர்ந்த ஒரு சாதாரண வாசிப்பு. பிறகு குழுவின் கைக்கு 'சிந்தி ஏ.கே.எஸ்.' என்ற சிந்தசைசர் வந்தது. லண்டன் பட்னி பகுதியில் பீட்டர் சினோவியெஃப் நடத்திய ஈ.எம்.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு. பார்த்தால் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பெட்டி. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் தட்டையான கீபோர்டு. அழுத்தினால் உள்ளே போகிற கட்டைகள் அதில் இல்லை, விரல் பட்டாலே போதும். பெட்டியின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் துளைகள் போட்ட சதுரப் பலகை. மற்ற சிந்தசைசர்களில் தொங்கும் ஒயர்க் காடு இதில் கிடையாது. எந்த ஒலி எந்த வடிகட்டி வழியாகப் போக வேண்டும் என்பதைத் துளையில் சின்ன ஊசியைச் செருகித் தீர்மானிக்கலாம். மூடியில் இருந்த சீக்வென்சர் 256 நிகழ்வுகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டு, குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டினால், மனித விரலுக்கு எட்டாத வேகத்தில் அதுவே வாசிக்கும்.

குழுவைச் சேர்ந்த டேவிட் கில்மோர் முதலில் ஒரு சுர வரிசையைப் போட்டுப் பார்த்தார். சக கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் தன்னுடையதைப் போட்டார், அதுதான் நின்றது. 'லைவ் அட் பாம்ப்பெய்' படத்தின் பிந்தைய பதிப்பில் வாட்டர்ஸ் அந்தப் பெட்டியின் மேல் குனிந்து குமிழ்களைத் திருகுவதைப் பார்க்கலாம். பின்னால் 'ட்ஸ் ட்ஸ்' என்று தாளத்தட்டு மாதிரிக் கேட்பதும் அதே பெட்டி கொடுத்த இரைச்சல்தான்.

இதையெல்லாம் 1972-ல் செய்தது பெரிய காரியம். ஆனால் அதைப் போட்டு யார் ஆடினார்கள்? நடன இசையின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நடன இசை தயாரிப்பவரின் கூடத்தில் பிறப்பதில்லை, ஆடுபவர்களின் தளத்தில் பிறக்கிறது. 'ஆன் தி ரன்'னில் காலைத் தரையில் ஊன்றவைக்கும் கிக் டிரம் இல்லை. பதற்றம் இருக்கிறது, பயணத்தின் பயத்தைச் சொல்ல வந்த இசை அது, அதை நன்றாகவே சொல்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பவருக்காகச் செய்யப்பட்டது.

ஒவ்வொரு தட்டிலும் கிக் டிரம் விழுகிற அந்த நடை, 'டார்க் சைட்' வந்த அதே 1973-ல் வேறு ஊரில் உருவாகிக்கொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸ் பாடிய 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டுக்கு எர்ல் யங் என்ற டிரம்மர் அதை வாசித்தார். டிஸ்கோவின் முதுகெலும்பு அது. நான்கு ஆண்டு கழித்து மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் டோனா சம்மரைப் பாடவைத்து 'ஐ ஃபீல் லவ்' செய்தபோது மற்ற எல்லாவற்றையும் மூக் சிந்தசைசரே பார்த்துக்கொண்டது. கிக் டிரம் மட்டும் அதிலிருந்து போதுமான உரத்தோடு வரவில்லை. கீத் ஃபோர்சி உட்கார்ந்து, காலால் மிதித்து வாசித்துக் கொடுத்தார். இயந்திர நடன இசையின் மூலப்பாட்டு என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பாட்டின் இதயத்துடிப்பு ஒரு மனிதனின் கால். எனக்கு இந்தச் செய்தி எப்போது நினைத்தாலும் பிடிக்கும்.

டெட்ராய்ட்டுக்குப் போனாலும் கதை இதே பக்கம்தான் போகிறது. டெக்னோவை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அருகிலுள்ள பெல்வில்லில் பள்ளித் தோழர்கள், கறுப்பினப் பிள்ளைகள். அவர்கள் காதைப் பழக்கியது 'தி எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற வானொலி அறிவிப்பாளர். இரவில் அவர் ஜெர்மனியின் எலெக்ட்ரானிக் குழு கிராஃப்ட்வெர்க், பார்லமென்ட், பிரின்ஸ் எல்லாவற்றையும் கலந்து ஒலிபரப்பினார். ராக் பாட்டும் போட்டவர்தான் அவர். பிங்க் ஃபிளாய்டை அந்த ஊரில் யாருமே கேட்கவில்லை என்று நான் வாதாடவில்லை. 'டார்க் சைட்' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1988-க்குள் 741 வாரங்கள் இருந்த இசைத்தட்டு, எந்த வீட்டிலும் கேட்டிருக்கலாம். ஆனால் தங்கள் இசைக்கு மூலம் எது என்று கேட்டபோதெல்லாம் இந்த மூவரும் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர்கள் கிராஃப்ட்வெர்க்கும் பார்லமென்ட் குழுவின் ஜார்ஜ் கிளின்டனும். செய்தவர்களே சொல்லும்போது நாம் வேறு தகப்பனைத் தேடிக் கொடுப்பது நியாயமில்லை.

சிகாகோவில் இந்த நியாயம் இன்னும் கூர்மையாகிறது. 1979 ஜூலை 12. காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் உள்ளூர் அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். ஸ்டீவ் டால் என்ற ராக் வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்டில் அனுமதி. முதல் ஆட்டம் முடிந்ததும் சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவர் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தார்: வந்து குவிந்தவற்றில் டிஸ்கோ அல்லாத தட்டுகளும் ஏராளம், கறுப்பினக் கலைஞர்களுடைய தட்டுகள். சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஐந்து ஆண்டு கழித்து, 1984-ல், ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' வெளியிட்டார். தட்டாக வந்த முதல் ஹவுஸ் பாட்டு என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அந்த இசைக்கு 'ஹவுஸ்' என்ற பெயர் வந்ததே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய 'வேர்ஹவுஸ்' கிளப்பிலிருந்து. அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள், அவர்களில் பலர் தன்பால் ஈர்ப்பினர். வெளியே எரிக்கப்பட்ட இசையை உள்ளே காப்பாற்றி வளர்த்தவர்கள் இவர்கள். அந்தப் பிள்ளைக்கு ராக் பாட்டைத் தகப்பனாக்கும்போது இவர்கள் பெயர் அழிகிறது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சாயலை வைத்து வம்சம் சொல்லக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-ல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்று கருவிகள், அவற்றில் ராகங்கள். டி.பி.-303 நெளிந்து குழைந்து ஓடும் அந்த ஒலியைக் கேட்டால் 'ஆசிட் ஹவுஸ்' என்றே சொல்லத் தோன்றும். ஆசிட் ஹவுஸின் முதல் பாட்டாகச் சொல்லப்படும் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' சிகாகோவில் வந்தது 1987-ல். ஐந்து ஆண்டு முந்தியவர் பம்பாய்க்காரர். ஆனாலும் அவருடைய தட்டு விற்கவில்லை, சிகாகோவுக்குப் போகவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைக் கேட்டது. ஒரே கருவி, ஒரே குமிழ். இரண்டு ஊரில் இரண்டு பேர் திருகியிருக்கிறார்கள். சரண்ஜித் சிங்கின் மேதைமை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவருக்கு வாரிசுகள் இல்லை, அவ்வளவுதான்.

இனி அந்த இன்னொரு பாட்டு. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்ட் ஊரில் உருவான ராக் குழு 'பேப் ரூத்'. அவர்களின் முதல் இசைத்தட்டு 'ஃபர்ஸ்ட் பேஸ்', 1972. அதில் 'தி மெக்சிகன்'. கிதார்க் கலைஞர் ஆலன் ஷாக்லாக் எழுதியது. டெக்சாஸின் அலமோ கோட்டைச் சண்டையை மெக்சிகோ சிப்பாயின் பக்கமிருந்து சொல்லும் பாட்டு. நடுவே என்னியோ மோரிக்கோனேயின் 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' படத்து மெட்டும் வந்து போகும். தொண்டை கிழியப் பாடுவது ஜென்னி ஹான். கேட்டால் டெக்னோ நினைவே வராது. நீண்ட தலைமுடி, கால்கள் அகன்ற பேன்ட் காலத்து ராக் பாட்டு.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி டி.ஜே.க்களுக்கு அதில் வேறொன்று கேட்டது: டிரம்மும் பாஸ் கிதாரும் முறுக்கேறி ஓடும் பகுதிகள். கூல் ஹெர்க் போன்றவர்கள் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று முடியும்போது மற்றதைப் பின்னுக்குச் சுழற்றி, சில விநாடித் தாளத்தை நிமிடக்கணக்கில் நீட்டினார்கள். போட்டிக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று தட்டின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடும் வழக்கமும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் வட்டம் கட்டி ஆடிய பிள்ளைகளுக்கு 'தி மெக்சிகன்' தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பாடியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் என்பதே ஆடியவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

1982-ல் அந்த பிராங்க்ஸ் டி.ஜே.க்களில் ஒருவரான ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவருடைய சோல் சோனிக் ஃபோர்ஸ் குழுவும் 'பிளானெட் ராக்' பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர், கீபோர்டு ஜான் ராபி. மெட்டு கிராஃப்ட்வெர்க்கின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்', தாளம் அவர்களுடைய 'நம்பர்ஸ்'. அந்தத் தாளத்துக்கு டி.ஆர்.-808 வேண்டும்; பேக்கரிடம் இல்லை. 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் டிரம் மெஷின் வாடகைக்கு என்று வந்திருந்த விளம்பரத்தைப் பார்த்து, அதை வைத்திருந்தவரையே 20 டாலர் கொடுத்து வரவழைத்தார்கள். இந்தக் கலவையில் 'தி மெக்சிகன்' பாட்டின் ஒரு பகுதியும் எடுத்தாளப்பட்டது. தளத்தில் எது வேலை செய்யும் என்று பம்பாட்டா பல ஆண்டுப் பார்ட்டிகளில் கண்டறிந்தவற்றின் தொகுப்பு அது.

எலெக்ட்ரோ என்ற வகை பரவியதும், மயாமி பாஸும் லத்தீன் ஃப்ரீஸ்டைலும் கிளைத்ததும் அந்தப் பாட்டிலிருந்து. அடுத்த ஆண்டே மான்செஸ்டரின் நியூ ஆர்டர் என்ற ராக் குழு நியூயார்க் வந்து அதே பேக்கருடன் 'கன்ஃப்யூஷன்' பதிவு செய்தது. இங்கும் அளவு மீறிப் பேசக் கூடாது. ஹுவான் அட்கின்ஸின் சைபோட்ரான் 1981-லேயே 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' வெளியிட்டுவிட்டது. டெட்ராய்ட்டுக்குத் தன் வழி இருந்தது. 'தி மெக்சிகன்' இந்த வம்சத்தில் பல முன்னோர்களில் ஒன்று. ஆனால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சொல்லி நிரூபிக்கக்கூடிய ஒன்று.

1984-ல் நியூயார்க் 'ஃபன் ஹவுஸ்' கிளப்பின் டி.ஜே. ஜெல்லிபீன் பெனிடெஸ் 'தி மெக்சிகன்' பாட்டை டிரம் மெஷினும் சிந்தசைசரும் வைத்துப் புதிதாகச் செய்தார். 'பிளானெட் ராக்'கின் கலவையிலும் பங்கேற்றவர் அவர். பாட ஆள் தேடியபோது வேறு யாரையும் அமர்த்தவில்லை. ஜென்னி ஹானையே அழைத்துப் பாடவைத்தார்.