உவர்நீர் முதலை

கொல்கத்தாவின் பவானிபூரை ஒட்டி ஓடும் ஆதிகங்கை, முற்காலத்தில் கங்கை கடலை நாடிச் சென்ற வழியாகும். அக்கடலோரத்தில் பரந்துள்ள சுந்தரவனத்தில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள வட ஆஸ்திரேலியாவின் கழிமுகங்களிலும் இதே இனம் வாழ்கிறது.

இஃது எவ்வாறு இயன்றது? இம்முதலையின் நாக்கிலுள்ள சுரப்பிகள், உடலில் மிகும் உப்பை வெளியேற்றுகின்றன. ஆகவே இது ஆற்றிலும் கடலிலும் வாழும். நீரோட்டத்தோடு மிதந்து நெடுந்தொலைவும் செல்லும். ஆண் முதலை 6 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. பெண் முதலை இலைதழைகளையும் சேற்றையும் மேடாகக் குவித்து முட்டையிட்டுக் காவல் காக்கும். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை அம்மேட்டின் வெப்பநிலையே முடிவு செய்கிறது.

தோலுக்காக வேட்டையாடப்பட்டமையால் இவ்வினம் இரு நாடுகளிலும் அருகியது. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதி 1971இல் வேட்டையைத் தடை செய்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாயிற்று. 1976இல், சுந்தரவனத்தின் பகவத்பூரில் முதலைக் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் பணி தொடங்கியது.

எனினும், மீனும் நண்டும் பிடிக்க அதே நீரில் இறங்கும் ஏழை மக்கள் முதலைக்கு இரையாவதும் உண்டு. அலையின் வேகத்தை ஆற்றும் அலையாத்திக் காடுகளே முதலைக்குக் கூடும், ஊருக்கு அரணும் ஆகும். காடு அழிந்தால் இரண்டும் அழியும்.

சிந்தித்து எழுதுக: முதலையைக் காப்பதோடு, அந்நீரை நம்பி வாழும் மக்களைக் காக்க என்ன செய்யலாம்?