இல்லத்தில் ஒரு பணியிடம்

தொழில் செய்வார்க்குக் கருவி இன்றியமையாதது. கருவிகள் அனைத்திற்கும் முதற்கருவி உடலே ஆகும். சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்? ஆதலின், கருவிக்கு ஏற்ப உடலை வளைத்தல் பேதைமை. உடலுக்கு ஏற்பக் கருவியை அமைத்தலே அறிவுடைமை.

தேனி நகரை அடுத்து, முல்லையாற்றின் பாங்கரில் அமைந்தது பழனிசெட்டிபட்டி என்னும் பேரூர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனாக் கொள்ளைநோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களில் கணிப்பொறித் தொழில் புரிந்தோர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். இல்லமே அவர்க்கு அலுவலகம் ஆயிற்று. கட்டிலிலும் தரையிலும் அமர்ந்து, மடிக்கணினியைக் குனிந்து நோக்கியோர்க்குக் கழுத்து நோவும் இடுப்பு வலியும் கண்ணெரிச்சலும் தோன்றின. இல்லத்திலிருந்து பணிபுரியும் வழக்கம் இன்றும் நிலைத்துள்ளது.

இத்தகைய நோய்கள் புதியன அல்ல. இத்தாலிய மருத்துவர் இராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். இடையறாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையாக அசைத்தல், மனத்தை ஓயாது செலுத்துதல் ஆகியவற்றால் எழுத்தர்கள் நலிவுறுவதை அவர் எடுத்துக் காட்டினார். 1857இல் போலந்து நாட்டு அறிஞர் ஒருவர், தொழிலின் இயல்பை ஆராயும் துறைக்கு 'எர்கானமிக்ஸ்' எனப் பெயரிட்டார். பணிச்சூழலியல் என்று அதனைத் தமிழில் வழங்குவர்.

பெயர் புதிதாயினும் கருத்துப் பழையதே. தேனி மாவட்டத்தில் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். நம் நாட்டு நெசவாளர் கையாண்ட குழித்தறியை நோக்குக. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்வார். கால்கள் குழியினுள் இறங்கி மிதிகளை இயக்கும். பாவு கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். கால் மடங்காமல் அமர்வதற்கே அக்குழி. எனினும், நாள் முழுதும் அதில் அமர்ந்தோர்க்கு முதுகு வலி வராமல் இல்லை. நல்ல இருக்கை மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

இல்லத்தில் பணியிடம் அமைக்கும் முறையை இனிக் காண்போம். நாற்காலியில் அமருங்கால் பாதங்கள் தரையில் நன்கு படிதல் வேண்டும். படியாவிடின் காலடியில் ஒரு பலகையை இடலாம். இடுப்பின் பின்புறம் தாங்கல் தேவை. துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்தாலும் போதும். தோள் தளர்ந்திருக்க, முழங்கை ஏறக்குறையச் செங்கோணமாக மடங்கும் உயரத்தில் விசைப்பலகை அமைதல் வேண்டும். திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் நன்று.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்துள்ளன. திரையை உயர்த்தினால் கை வருந்தும். தாழ்த்தினால் கழுத்து வருந்தும். ஆதலின், கனத்த நூல்களை அடுக்கி அதன்மீது கணினியை வைத்து, வேறொரு விசைப்பலகையை இணைத்துக்கொள்வது சிறந்த வழி.

ஒளியையும் கருதவேண்டும். பழனிசெட்டிபட்டியில் மாலை வெயில் மேற்கு மலைத்தொடரின் பக்கமிருந்து சாய்ந்து வரும். மேற்குச் சாளரம் திரைக்கு எதிரே இருப்பின் திரை பளபளக்கும். திரைக்குப் பின்னே இருப்பின் கண் கூசும். சாளரம் பக்கவாட்டில் இருக்குமாறு மேசையை இடுதல் வேண்டும்.

இவை அனைத்தினும் சிறந்தது இடையிடையே எழுதல். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடத்தல் உடற்கு நலம். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளை இருபது நொடி நோக்கினால் கண் இளைப்பாறும். தொலைமலையும் தென்னந்தோப்பும் காண்பதற்கு உள்ள ஊரில் இஃது எளிதன்றோ?

கைப்பேசியைக் குனிந்து நோக்கிப் பயிலும் மாணவர்க்கும் இம்முறைகள் பொருந்தும். ஒரு பலகை, ஒரு துண்டு, சில நூல்கள்: இவை இல்லாத இல்லம் அரிது. செலவு சிறிது, காக்கப்படுவதோ வாழ்நாள் முழுதும் உழைக்கவேண்டிய உடல்.