எந்த பிரியாணியைச் சொல்றீங்க?

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் அட்ரஸ் கேளுங்க... தெருமுனை வரைக்கும் கூடவே வந்து காட்டிட்டுப் போவாங்க. ஆனா, 'ஆம்பூர்ல எந்தக் கடை பிரியாணி பெஸ்ட்?'னு மட்டும் கேட்டுடாதீங்க பாஸ். உங்க பஸ் போயிடும்!

இதைப் பற்றிப் பேச எங்க ஊருக்கு ரைட்ஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் கூடுற ஆட்டுச்சந்தை எங்களோடது. முதுகைத் தடவிப் பார்த்தே கறி எத்தனை கிலோ தேறும்னு சொல்லிடுற பெருசுங்க இங்கே உண்டு. தொட்டுக்கிற கத்திரிக்காயும் எங்க பக்கம்தான். இதே அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. அப்புறம் நாங்க ஜட்ஜ் ஆகாம யார் ஆவாங்க?

கோஷ்டிகள் ஏகப்பட்டது. 'ஸ்டார்'தான் ஒரிஜினல் என்பது ஒரு கோஷ்டி. 1890-லிருந்து தொடரும் குடும்பத் தொழில்னு அந்தக் கடையே சொல்லிக்குது. 'போர்டு வெச்ச கடைக்கே போகாதே, பாய் வீட்டுக் கல்யாணத்துல சாப்பிடு'ங்கிறது இன்னொரு கோஷ்டி. பெங்களூரு ஹைவேயில் கார் நிறுத்துறவங்க சாப்பிடறதெல்லாம் கணக்கிலேயே வராதுங்கிறதுல மட்டும் எல்லோரும் ஒண்ணு!

நல்லா கவனிச்சா, சண்டை கடையைப் பற்றி இல்லை, பதத்தைப் பற்றி. திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பாதான். அங்கே மசாலாத் தண்ணியிலேயே அரிசியும் வேகும். ஆம்பூர்ல அரிசியைத் தனியா முக்கால் வேக்காடு வேகவெச்சு, வடிச்சு, கறி மசாலாவோட சேர்த்து தம் போடுவாங்க. மிளகாய்த்தூள் இல்லை, காய்ந்த மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுது. மூடி மேலே தணல், கீழே விறகு. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற ஃப்ரெண்டுகூட இதைக் கரெக்டா விளக்குறான், அதான் ஆச்சர்யம். வடிக்கிறதுல ஒரு நிமிஷம் பிசகினா குழையும். முந்தினா பருக்கை நறுக்குன்னு நிக்கும். 'அந்தக் கடை இப்ப முன்ன மாதிரி இல்லை'ன்னு யாராவது உதட்டைப் பிதுக்கினா, பாதி நேரம் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்றாங்க.

இவ்வளவு நேரம் மட்டனைப் பற்றியே பேசிட்டிருக்கோம், கவனிச்சீங்களா? எல்லோரும் அப்படித்தான். பத்திரிகையில் வர்ற 'டாப் டென்' லிஸ்ட்டும் அப்படித்தான்.

ஆனா ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எல்லாம் தோல் ஊருங்க. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க பலபேர் தட்டில் பீஃப் பிரியாணிதான். மட்டனைவிட விலை கம்மி. பாக்கெட் மணியில் ஓடுற காலேஜ் பசங்களுக்கும் அதே கதைதான். அதே சீரகச் சம்பா, அதே தம், அதே கத்திரிக்காய். 'எங்கே நல்லா இருக்கும்?'னு கேட்டா மட்டும் குரல் கொஞ்சம் தணியும்.

2022-ல் அந்தக் குரல் சத்தமா கேட்டது. அந்த வருஷம் மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழான்னு திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவிச்சது. இருபதுக்கும் மேற்பட்ட வகை பிரியாணியாம். லிஸ்ட்டில் பீஃப் மட்டும் இல்லை. 'எங்க ஊர் பிரியாணிக்கு விழா, எங்க பிரியாணிக்கு இடமில்லையா?'ன்னு கொதிச்சாங்க. விடுதலைச் சிறுத்தைகள் உள்பட பல அமைப்புகள் எதிர்த்தன. விழா நடந்தா வாசலிலேயே இலவசமா பீஃப் பிரியாணி கொடுப்போம்னும் அறிவிப்பு வந்தது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில், மழை வரும்னு சொல்லி விழாவையே தள்ளி வெச்சுட்டாங்க.

மழை மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா சாப்பாட்டுக்குன்னு அரசாங்கம் ஒரு லிஸ்ட் போட்டா, அதில் இல்லாதவங்க 'அப்போ நாங்க?'ன்னு கேட்கத்தானே செய்வாங்க? அதே வருஷம் ஆகஸ்ட்டில் சென்னை தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வி வந்தது. அங்கே பிறகு பீஃப் பிரியாணி ஸ்டாலும் சேர்ந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை.

சரி, ஆம்பூர் போறீங்களா? மதியத்துக்கு முன்னாடியே போயிடுங்க, நல்ல கடையில் தேக்சா சீக்கிரம் காலியாகிடும். கடை பேரை நான் சொல்ல மாட்டேன், எனக்கும் இந்த ஊரில் நாலு ஃப்ரெண்டு வேணும். ஷிஃப்ட் விட்டு வர்றவங்க எந்தக் கடைக்குள்ளே நுழையறாங்கன்னு பார்த்துட்டுப் பின்னாடியே போங்க. கத்திரிக்காயை மட்டும் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்குங்க!