நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களின் ஒப்பீடு

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களின் ஒப்பீடு என்பது, ஆன்டிவைரஸ் என அழைக்கப்படும் மென்பொருள்களை ஒரே சூழலில் இயக்கி மூன்று அளவுகளை எடுப்பதாகும். தீநிரல்களில் எத்தனையை அவை கண்டறிகின்றன, தீங்கற்ற கோப்புகளில் எத்தனையைத் தவறாகப் பிடிக்கின்றன, கணினியை எவ்வளவு மந்தமாக்குகின்றன என்பன அவை. விளம்பரங்களில் பெரும்பாலும் முதல் அளவே சொல்லப்படுகிறது. அதை மட்டும் கொண்டு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பயன்படும் சூழல்

திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ உள்ள ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள ஒரே கணினியில் நாள் முழுவதும் பலருடைய பென்டிரைவ்கள் செருகப்படும். ஒன்றில் உள்ள புழு கணினியில் தொற்றி, அடுத்து வருபவரின் பென்டிரைவுக்கும் தாவும். பரவலான ஒரு வகைப் புழு, உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயர்களில் குறுக்குவழிகளை உருவாக்கும்; குறுக்குவழியைச் சொடுக்கினால் புழு இயங்கத் தொடங்கும். கணினி பழையதாகவும் நினைவகம் குறைந்ததாகவும் இருக்கலாம். தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அதிலேயே இயங்க வேண்டும். இக்கடைக்கு மேற்கூறிய மூன்று அளவுகளும் தேவைப்படுகின்றன.

கண்டறி பொறி

கோப்பு தீயதா இல்லையா என முடிவு செய்யும் பகுதி கண்டறி பொறி எனப்படும். இது பல முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது.

* கையொப்ப முறை: ஏற்கெனவே அறியப்பட்ட தீநிரலின் அடையாளத்துடன் கோப்பை ஒப்பிடுகிறது. வேகமானது, புதிய தீநிரலைத் தவறவிடக்கூடும்.
* ஊக முறை: கோப்பின் அமைப்பில் சந்தேகத்துக்குரிய கூறுகளைத் தேடுகிறது.
* நடத்தை முறை: நிரல் இயங்கும்போது அது செய்வதைக் கவனிக்கிறது.
* மேகக் கணினி முறை: நிறுவனத்தின் வழங்கியைக் கேட்டு முடிவு செய்கிறது. இணையம் இல்லாதபோது இது பயன்படாது.

எந்த முறையும் முழுமையானதன்று. எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரு நிரல் இருக்க முடியாது என்பதைப் பிரெட் கோகன் 1980களிலேயே தருக்க முறையில் நிறுவினார்.

பெயரும் பொறியும்

வேறு பெயர்களில் விற்கப்படும் மென்பொருள்களுக்குள் ஒரே பொறி இருக்கலாம். ஜெ. கேசவர்த்தனன் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் சென்னையைச் சேர்ந்த நிறுவனம். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 'வைரஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் விற்ற மென்பொருளில் கே7இன் பொறியே பயன்படுத்தப்பட்டது. 2016இல் ஏவிஜி நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கிய பின் இரண்டின் பொறிகளும் ஒன்றாயின. ஒரே பொறி கொண்ட இரண்டு மென்பொருள்களை ஒப்பிட்டால் கண்டறிதலில் பெரிய வேறுபாடு தெரியாது. வேகம், விலை, கூடுதல் வசதிகள் ஆகியவையே வேறுபடும்.

சோதனை அமைப்புகள்

ஆஸ்திரியாவின் இன்சுபுரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்சும், ஜெர்மனியின் மாக்டபர்க்கில் உள்ள ஏவி-டெஸ்டும் தொடர்ந்து ஒப்பீடுகளை வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, செயல்வேகம், பயன்பாட்டு எளிமை ஆகியவற்றுக்குத் தலா 6 என 18 புள்ளிகள் வழங்குகிறது. தவறான எச்சரிக்கைகள் இவற்றுள் மூன்றாவதில் கணக்கிடப்படுகின்றன. வைரஸ் புல்லட்டின் 1998 முதல் விபி100 சான்றை வழங்கிவருகிறது. சோதனைகளுக்கான பொது நெறிகளை வகுக்க ஆம்ட்சோ என்னும் அமைப்பு 2008இல் உருவானது.

எண்களின் பொருள்

400 தீநிரல்கள் கொண்ட சோதனையில் 99.5 விழுக்காடு பெற்ற மென்பொருள் 398ஐப் பிடித்துள்ளது; 99 விழுக்காடு பெற்றது 396ஐப் பிடித்துள்ளது. இடைவெளி இரண்டே கோப்புகள். வேறு 400 மாதிரிகளை எடுத்தால் வரிசை மாறிவிடலாம். எனவே ஒரே சோதனையின் முதலிடத்தைவிட, பல சோதனைகளில் நிலையாக இருப்பதே நம்பத்தக்கது.

தவறான எச்சரிக்கையின் கணக்கு வேறு. ஒரு கணினியில் 1,00,000 நல்ல கோப்புகளும் 10 தீய கோப்புகளும் உள்ளதாகக் கொள்வோம். நல்ல கோப்புகளில் 0.1 விழுக்காட்டை மட்டும் தவறாகப் பிடிக்கும் மென்பொருள்கூட 100 பொய் எச்சரிக்கைகளை எழுப்பும். பத்து உண்மை எச்சரிக்கைகளும் அவற்றுக்குள் மறைந்துபோகும்.

இதன் விளைவு பெரிதாகவும் அமையலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை நச்சுநிரலாகக் கருதியதால் பல நாடுகளில் கணினிகள் முடங்கின. தமிழ்த் தட்டச்சிலும் இவ்வகை இடர் உண்டு. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை அழுத்தப்படும் விசையை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் உளவுநிரலும் விசைகளை இடைமறிக்கிறது. ஊக முறையை மட்டும் நம்பும் பொறி இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட வாய்ப்புண்டு.

செயல்வேகம்

கோப்புகளை நகலெடுத்தல், சுருக்குதல், செயலிகளைத் திறத்தல் போன்றவற்றுக்கு ஆகும் நேரத்தை ஆன்டிவைரஸ் உள்ளபோதும் இல்லாதபோதும் அளந்து வேகம் கணக்கிடப்படுகிறது. புதிய கணினியில் தெரியாத தாமதம் பழைய கணினியில் தெளிவாகத் தெரியும். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் நேரடிக் காவலில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் இருமுறை சோதிக்கப்படும். வேகம் குறையும், மோதலும் நேரலாம்.

பயனர் செய்யக்கூடிய சோதனை

உண்மையான தீநிரல்களைப் பதிவிறக்கிச் சோதிப்பது ஆபத்தானது. அதற்கு மாற்றாக 68 பைட்டுகள் கொண்ட ஐகார் சோதனைக் கோப்பு உள்ளது. இது தீங்கற்றது. காவல் இயங்குகிறதா என்பதை மட்டுமே இது காட்டும். பொறியின் தரத்தைக் காட்டாது. தரத்தை அறியச் சோதனை அமைப்புகளின் அண்மை அறிக்கைகள் பலவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்தையும், அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களை அது தடுக்கிறதா என்பதையும், சோதனைப் பதிப்பை நிறுவித் தம் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.