சிறுவரின் சீற்றமும் நோயும்

சிறுவர் கோபிப்பதும் அடம்பிடிப்பதும் இயல்பே. ஆனால், மிகக் குறைவாக உறங்கியும் களைப்பின்றி, அளவுமீறிய உற்சாகத்துடன் ஓயாது பேசியவாறு நாட்கணக்கில் காணப்படும் பிள்ளை, வேறொரு காலத்தில் சோர்ந்து ஒதுங்குமாயின், அது இருமுனை மனநிலைக் கோளாறாகவும் இருக்கலாம். குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருப்பின் கூடுதல் அவதானம் அவசியம்.

எனினும், சிறு பிள்ளைகளிடம் இந்நோய் அரிதாகும். அமெரிக்காவில் இடைவிடாத எரிச்சல் கொண்ட சிறுவர் பலருக்கும் இப்பெயர் சூட்டப்பட்டதாலேயே, அந்நிலைக்கென 2013 இல் தனியொரு நோய்ப்பிரிவு வகுக்கப்பட்டது.

எனவே, குறும்பு என அடிப்பதும், பேய், ஜின் என அலைவதும், பெற்றோர் தாமே நோயைத் தீர்மானிப்பதும் தீங்கானவையே. பிள்ளையின் உறக்கத்தையும் மனநிலையையும் நாள்தோறும் குறித்துவைத்து உளமருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசத் தொடங்கினால் ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது என நாம் வலியுறுத்துகின்றோம்.