நீர்க்கடன்

ஆடி மாதத்து அமாவாசை அணுகும்போதெல்லாம் என் நெஞ்சிலே பழைய வினா ஒன்று தலைதூக்கும். அன்று யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள கீரிமலைக்குச் செல்வோர், தந்தையை இழந்த ஆடவர் திரள் திரளாக வந்து, கடலிலே மூழ்கி, கடலை அடுத்துச் சுரக்கும் நன்னீர்க் கேணியிலே தோய்ந்து, ஈர வேட்டியோடு குருக்களின் முன்னே அமர்ந்திருத்தலைக் காண்பர். விரலிலே தருப்பைப் பவித்திரம், உள்ளங்கையிலே எள், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் வழியும் நீர். மாவிட்டபுரம் கந்தசுவாமியாரும் தம் மகோற்சவத்தின் நிறைவாக அன்றுதான் அங்கே தீர்த்தமாட எழுந்தருளுவார். மட்டக்களப்பு மக்கள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்திலே இக்கடனைச் செய்வர்.

என் வினா இதுதான்: இறந்தவர் மறுபிறவி எடுத்துவிட்டாரென்றால், இந்த எள்ளும் நீரும் யாரைச் சென்று சேர்கின்றன?

வினாவின் வலிமையை உணர்தற்கு நம் சமயத்தின் அடிப்படையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதியானவை என்பது சைவசித்தாந்தம். உயிர் படைக்கப்பட்டதன்று, ஆதலின் அழிவதுமன்று. ஆணவத்தால் மறைப்புண்ட அவ்வுயிர், கன்மத்துக்கு ஈடாக மாயையிலிருந்து உடம்பெடுத்து, வினைப்பயனை நுகர்ந்து, பக்குவமெய்திய காலத்து இறைவனருளால் வீடுபெறும். அவரவர் வினையை அவரவரே நுகர்தல் வேண்டும். மற்றொருவர் அதனை வாங்கிக்கொள்ளுதல் இயலாது. அங்ஙனமாயின், மகன் இறைக்கும் ஒரு கை நீர் தந்தையின் வினையை என் செய்யும்? போன உயிர் எங்கோ ஒரு தாயின் மடியிலே குழந்தையாய்ப் பால் குடித்துக்கொண்டிருக்குமாயின், அதற்கு நம் எள் எதற்கு?

இவ்வினாவை நான் என் தந்தையாரிடம் கேட்டது 1991ஆம் ஆண்டிலே. 1990இல் போர் காரணமாக வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. கீரிமலை எங்கள் வீட்டுக்கு நடை தூரம். ஆயினும் அவ்வாண்டு முதல் அது கண்ணுக்கும் எட்டாத தூரமாயிற்று. அந்த ஆடி அமாவாசையன்று, நாங்கள் ஒதுங்கியிருந்த வளவின் துலாக்கிணற்றடியிலே ஐயா தம் தந்தையாருக்குத் தருப்பணம் செய்தார். எனக்கு அப்பொழுது வயது 18. நான்கு புத்தகம் படித்துவிட்ட செருக்கும் இருந்தது.

"ஐயா, கீரிமலையிலே செய்ய வேண்டியதைக் கிணற்றடியிலே செய்தால் சரிவருமோ?" என்றேன்.

"குருக்கள் கூப்பிடக் கங்கையே செம்புக்குள்ளே வருகுது. பக்கத்திலே கிடக்கிற கீரிமலை வராதோ, தம்பி?" என்றார்.

நான் விடவில்லை, மறுபிறவி பற்றிய வினாவையும் தொடுத்தேன். அவர் புராண விடையை முதலிற் சொன்னார். தந்தை வசுக்களின் வடிவம்; பாட்டனார் உருத்திரரின் வடிவம்; முப்பாட்டனார் ஆதித்தரின் வடிவம். நாம் கொடுப்பதை இப்பிதிர் தேவதைகள் ஏற்று, அவ்வுயிர் எப்பிறவியில் இருப்பினும் அப்பிறவிக்கேற்ற உணவாக்கிச் சேர்ப்பிப்பர். தேவராயின் அமுதமாகவும், பசுவாயின் புல்லாகவும் அது சென்றடையும். நான் சிரித்தேன். அவர் சினக்கவில்லை. உடுப்புப் பெட்டியைத் திறந்து, பழந்துணியில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் காட்டினார்.

இடம்பெயர்வதற்கு முந்திய போகத்திலே, அயலிலே தோட்டஞ்செய்த ஒருவரிடம் வித்து வெங்காயம் கடனாக வாங்கியிருந்தார். வெங்காயம் செம்மண்ணோடு போயிற்று. கடன்கொடுத்தவரும் வன்னிப் பக்கம் போய்விட்டார் என்ற அளவிலே செய்தி நின்றது. ஐயா கூலிவேலை செய்து அக்காசைச் சேர்த்து முடிந்து வைத்திருந்தார்.

"அவர் எங்கே போனாரோ தெரியாது. ஆனால் வாங்கினவன் நான். அவர் எங்கே போனாலும் கடன் என்னட்டத்தானே கிடக்கு?" என்றார்.

சில ஆண்டுகளின் பின், கடன்கொடுத்தவர் காலமானார் என்று அறிந்தோம். உரித்தாளர் ஒருவரும் அகப்படவில்லை. அம்முடிச்சை ஐயா அவிழ்த்துக் கோயில் அன்னதானத்துக்கு அவர் பெயராற் கொடுத்தார். அதன் பின்னும் ஆண்டுதோறும் இயன்றதைக் கொடுத்து வந்தார். பணம் கொடுபட்டுவிட்டதே என்று அம்மா சொன்னபோது, "காசு முடிந்தது; நன்றி முடியவில்லை" என்றார்.

கடன் என்னும் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குகின்றனர்: திருப்பிக் கொடுக்கவேண்டியதும் கடன், செய்யவேண்டியதும் கடன். தேவர்கடன், முனிவர்கடன், பிதிர்கடன் என மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கின்றான் என நூல்கள் கூறும். இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவரை எண்ணும் வள்ளுவரும் தென்புலத்தாரை முதலில் வைத்தார். என் வினா முழுவதும் கொடுத்தவர் இருக்கும் இடத்தையே தேடி அலைந்தது. ஐயாவோ கடன் இருக்கும் இடத்தைக் காட்டினார். அவரவர் வினை அவரவர்க்கு என்னும் கொள்கைக்கும் இது முரணன்று. தந்தையிடம் உடம்பும் மொழியும் பெற்றவன் மகன். நன்றி செலுத்துதல் மகனுடைய வினை. 'யானே என்னை ஆக்கினேன்' என்னும் ஆணவம், ஈர வேட்டியோடு குனிந்து மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லும்போது சிறிதேனும் தளருமன்றோ?

இந்நாளைத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. சோதிடநூல் தந்தைக்குச் சூரியனையும் தாய்க்குச் சந்திரனையும் உரியவராகக் கொள்ளும். அமாவாசையிலே இருவரும் ஒன்றுகூடுவர். ஆடியிலே சூரியனின் தென்திசைப் பயணம் தொடங்கும். தெற்கு பிதிரர் திசை. தந்தைக்கு ஆடி அமாவாசையையும் தாய்க்குச் சித்திராபூரணையையும் விரதநாளாகக் கொள்ளுதல் ஈழத்துச் சைவர் வழக்கு.

ஐயா 2004ஆம் ஆண்டு, இடம்பெயர்ந்த வீட்டிலேயே காலமானார். கீரிமலையை அவர் மீண்டும் காணவில்லை. அவருக்கான கடனை நானும் பல ஆண்டு கிணற்றடியிலேயே கழித்தேன். போர் 2009இல் முடிந்து, வழியும் திறந்தபின், 2012ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று என் மகனையும் அழைத்துக்கொண்டு கீரிமலைக்குச் சென்றேன். கேணிப் படியிலே கால்வைத்தபோது, இந்தக் குளிர்ச்சியைத்தானே ஐயா செம்புக்குள் அழைத்தார் என்று எண்ணினேன். எள்ளையும் நீரையும் விட்டபொழுது, அவை எங்கே செல்கின்றன என்று நான் கேட்கவில்லை. என் கை சிறிது இலேசானதை மட்டும் உணர்ந்தேன்.

தந்தை உயிரோடிருப்பவன் இவ்விரதம் அனுட்டித்தல் வழக்கமன்று. ஆதலால் என் மகன் உலர்ந்த வேட்டியைக் கையிலேந்திப் படியிலே நின்றான். வீடு திரும்பிப் படையலிட்டு, காகத்துக்கு வைத்தபின், இலையிலே காத்தோட்டிக்காய்ப் பொரியலைப் பரிமாறினார்கள். ஆடி அமாவாசைக்கென்றே நம்மவர் தேடி வாங்கும் கசப்புக் காய் அது. மகன் ஒரு துண்டை வாயிலிட்டு முகஞ்சுளித்தான். பின்பு, "அப்பா, அப்பப்பா மறுபடி பிறந்திருந்தால் இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டான்.

நான் வித்து வெங்காயக் கதையைத் தொடங்கினேன்.