உஷார்! ‘ஸ்லக் பேரல்’ என்றதும் பர்ஸைத் திறக்காதீர்கள்

“பெல்லட்டும் போடலாம், ஸ்லக்கும் போடலாம் சார். ரெண்டும் ஒரே ஓட்டையில் விழும்.” ஏர் ரைஃபிளுக்குப் பேரல் விற்பவர் இப்படி ஆரம்பித்தால் பர்ஸை மறுபடி பைக்குள் வையுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்றில்லை. 10 மீட்டரில் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 50 மீட்டரில் காகிதத்தை வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

பேரல் விஷயத்தில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரு எஃகுக் குழாய். நீளம், பளபளப்பு, மேலே போர்த்திய கார்பன் உறை என்று கண்ணில் படுகிற எதுவும் குண்டு எங்கே விழும் என்பதைச் சொல்லாது. சொல்லக்கூடிய சமாச்சாரமெல்லாம் குழாய்க்கு உள்ளே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால்தான் விற்பவர் பேச்சை மாற்றுவார்.

முதலில் உள்ளே போகிற சரக்கைக் கவனியுங்கள். பெல்லட்டுக்கு இடை சிறுத்திருக்கும். எடை முழுக்கத் தலையில். பின்னால் ஸ்கர்ட் என்கிற மெல்லிய, குழிவான விளிம்பு. பறக்கும்போது காற்று அந்த விளிம்பைப் பின்னோக்கி இழுக்கிறது, அதனால் தலை தானாகவே முன்னால் நிற்கிறது. சுழற்சி கொஞ்சம் இருந்தால் போதும். ஸ்லக்குக்கு அந்த வசதி கிடையாது. அது கெட்டியான ஈயக் கட்டை. எடைமையம் பின்தள்ளி இருப்பதால் காற்று அதைக் குப்புறத் தள்ளத்தான் பார்க்கும். பம்பரம் நிற்பது எதனாலோ அதனால்தான் ஸ்லக்கும் நேராகப் போகிறது: சுழற்சி, சுழற்சி மட்டுமே.

அந்தச் சுழற்சியைத் தருவது ரைஃப்ளிங், அதாவது பேரலின் உட்சுவரில் திருகாக ஓடும் வரிகள். அதன் வேகம் ட்விஸ்ட் ரேட், அதாவது குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றப் பேரலில் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்ற கணக்கு. ஜெர்மனியின் லோதார் வால்தர் ஏர் ரைஃபிள் பேரல்களில் பரவலாகக் காணப்படுவது 450 மில்லிமீட்டர். விநாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் வெளியேறும் பெல்லட் இந்த ட்விஸ்டில் விநாடிக்கு 600 முறை சுற்றும். பெல்லட்டுக்கு இது தாராளம். ஸ்லக்குக்கு? அங்கேதான் வில்லங்கம்.

ஸ்லக் வாங்கும் எல்லோரும் டப்பாவில் கிரெயின் கணக்கில் போட்ட எடையைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது நீளம். 1879-ல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் இதற்கொரு எளிய சூத்திரம் போட்டார். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு தூரம் விடலாம் என்று வரும். நீண்ட பீரங்கிக் குண்டுகளை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. ஏர் ரைஃபிளுக்கு அதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். இருந்தாலும் போட்டுப் பாருங்கள். 5.5 மில்லிமீட்டர் விட்டம், 9 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஸ்லக்குக்கு விடை 504. உங்கள் பேரல் 450 என்றால் பிழைத்தீர்கள். அதே விட்டத்தில் 11 மில்லிமீட்டர் ஸ்லக் என்றால் 412. இப்போது 450 போதாது. இரண்டு மில்லிமீட்டர் ஈயம் கூடியதில் பேரலே தப்பான பேரலாகிவிட்டது! ‘கனமானது காற்றில் அலையாது’ என்று நம்பி மிக நீளமான ஸ்லக்கை வாங்கி வந்தவர் காகிதத்தில் காண்பது வட்ட ஓட்டை அல்ல, நீள்வட்டக் கிழிசல். குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

“அப்படியானால் ட்விஸ்டை வேகமாக வைத்துவிட்டால் இரண்டும் சரியாகிவிடுமே” என்பீர்கள். ஆகாது. பெல்லட் காற்றில் தன் வேகத்தை மளமளவென்று இழக்கும், ஆனால் சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறையாது. தேவைக்கு மீறிச் சுழலும் பெல்லட் கொஞ்ச தூரத்துக்குப் பிறகு திருகுப் பாதையில் அலையத் தொடங்கும். இதில் கொடுமை என்னவென்றால் 25 மீட்டரில் ஓட்டைகள் நெருக்கமாகத்தான் விழும். 60, 70 மீட்டரில் சிதறும். சுடுபவர் காற்றைத் திட்டுவார், ஸ்கோப்பை மாற்றுவார், மவுண்டை இறுக்குவார். பேரல்மேல் சந்தேகமே வராது, ஏனென்றால் அதுதானே புதிதாக, விலை கொடுத்து வாங்கியது.

ஸ்வீடனின் எஃப்எக்ஸ் நிறுவனம் பேரலுக்குள் கழற்றி மாட்டும் மெல்லிய லைனர்களைச் செய்கிறது. ஒரே விட்டத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட லைனர்கள் உண்டு. கனமான ஸ்லக்குகளுக்கென்று வேக ட்விஸ்ட் கொண்டது தனி. ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்றால் அவர்கள் ஏன் தனித்தனியாகச் செய்து விற்கிறார்கள்? ‘ஆல் இன் ஒன்’ பேரல் விற்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சோக். பேரலின் வாய்ப்பக்கம் கடைசி ஓரிரு அங்குலத்தில் துளையை நூலளவு சிறுக்க வைப்பது. பெல்லட்டுக்கு இது நல்லது. ஒவ்வொன்றையும் ஒரே அளவுக்கு நெருக்கி வெளியே அனுப்பும். மெல்லிய ஸ்கர்ட் நெளிந்து கொடுக்கும். கெட்டி ஸ்லக் அப்படி நெளியாது. சோக்குக்குப் பொருந்தும் அளவில் ஸ்லக் எடுத்தால் பேரலின் பின்பகுதியில் தளர்ந்து காற்று கசியும். பின்பகுதிக்குப் பொருந்தும் அளவில் எடுத்தால் சோக்கில் நெருக்குண்டு, ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறும். சோக் இருந்தும் ஸ்லக்கை அழகாகச் சுடும் பேரல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அந்தப் பேரலின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

5.5 என்று ஒற்றை எண்ணில் சொல்லும் ஸ்லக் உண்மையில் 5.50-லிருந்து 5.54 வரை பல விட்டங்களில் வருகிறது. எது உங்கள் பேரலுக்கு என்பதை டப்பா சொல்லாது, பேரல்தான் சொல்லும். காற்றை முழுவதும் வெளியேற்றி, பேரலைத் தனியே கழற்றி வைத்துக்கொண்டு, ஸ்லக்கைப் பின்பக்கமிருந்து ஒரு மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முழு நீளமும் ஒரே இறுக்கம் இருக்கவேண்டும். நடுவில் வழுக்கி, மறுபடி பிடித்தால் அந்தத் துளை ஒரு சீராக இல்லை. வெளியே வந்த ஸ்லக்கில் ரைஃப்ளிங் கீறல்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்கவேண்டும். ஓரத்தில் ஈயம் செதிலாகப் பெயர்ந்திருந்தால், காற்று உள்ளே வரும் துளையின் விளிம்பு கூர்மையாக விடப்பட்டிருக்கிறது என்று பொருள். ஸ்லக்கைச் சீவிவிடும் பேரல் எந்த ட்விஸ்டில் இருந்தால் என்ன?

ஸ்பிரிங் கன் வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் படித்துத் தலையைச் சொறிய வேண்டாம். அது ஸ்லக்குக்கான இயந்திரமே அல்ல. நல்ல பெல்லட், பழுதில்லாத பேரல் வாய், அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது குறி தவறுவதைவிடப் பெரிய ஆபத்து. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையுள்ள, அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும் காற்று ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும். “சும்மா ஏர் கன்தானே சார்” என்று 5.5 பேரலை யாராவது நீட்டினால், அந்தக் குழாயை மாட்டிய நிமிடமே நீங்கள் லைசென்ஸ் வட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் 100 மீட்டரில் முட்டை உடைக்கிறார்களே, அந்த 25 கிரெயின் ஸ்லக் விநாடிக்கு 280 மீட்டரில் கிளம்பினால் ஆற்றல் 63 ஜூலுக்கு மேல். நம் வரம்பைப்போல் மூன்று மடங்கு.

4.5-ல் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் பிசிபி துப்பாக்கியில் ஒரு குணம் உண்டு. அமைப்பு எதையும் தொடாமல் கனமான குண்டைப் போட்டாலே ஆற்றல் கூடும். குண்டு மெதுவாக நகர்வதால் காற்று அதை அதிக நேரம் தள்ளுகிறது. 8 கிரெயின் பெல்லட்டில் 19 ஜூல் காட்டிய துப்பாக்கி, 13 கிரெயின் ஸ்லக்கில் 20-ஐத் தாண்டிவிடலாம். ஆகவே எதைச் சுடப்போகிறீர்களோ அதையே போட்டு, வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் அளவெடுங்கள். விற்பவர் காட்டும் எண் எந்தக் குண்டில் வந்தது என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் சட்டத்துக்குள் நின்றே சுடவேண்டுமென்றால், அந்த 13 கிரெயின் ஸ்லக் விநாடிக்குச் சுமார் 218 மீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த வேகத்தில் குண்டு கீழிறங்கும் கணக்கை வைத்து மல்லுக்கட்டுவதற்குப் பதில், 270-ஐத் தொடும் 8.4 கிரெயின் பெல்லட்டோடு இருப்பதே மேல் என்பேன். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர். அதைத் தொடுவது தட்டைத்தலை பெல்லட்தான், ஸ்லக் இல்லை.

லைசென்ஸோடு 5.5 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சாதாரண பெல்லட் 100 மீட்டர் போவதற்குள் ஏறக்குறையப் பாதி ஆற்றலை இழந்துவிடும். ஸ்லக் அப்படிக் களைத்துப்போகாது. அதை வாங்குவதே அதற்காகத்தானே. தென்னந்தோப்பில் பெல்லட்டுக்குப் பழகிய தடுப்பு ஸ்லக்குக்குப் போதாது. குறிக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடவே கூடாது. கொக்கு, மயில், முயல் என்று குறி மாறினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அதற்குப் பேரல் எந்த ஊரில் செய்தது என்பது பொருட்டல்ல.

சரி, வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். என்ன குண்டு, எந்த நீளம், எவ்வளவு ஆற்றல் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கேற்ற பேரலைத் தேடுங்கள். ட்விஸ்டை மில்லிமீட்டரில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பழைய பேரல் என்றால் வாய் விளிம்பில் பஞ்சைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். நார் மாட்டினால் விளிம்பில் பிசிறு இருக்கிறது. கையில் வந்ததும் எஃகு பிரஷ்ஷை உள்ளே விடாமல், துணித் துண்டால் பின்பக்கமிருந்து துடைத்து, பெல்லட்டிலிருந்து ஸ்லக்குக்கு மாறியதும் முதல் சில பத்துக் குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். உள்ளே ஈயம் புதிதாகப் படிந்து நிதானத்துக்கு வர அவ்வளவு தேவை. தீர்ப்பை அதற்குப் பிறகு, 50 மீட்டர் காகிதத்தில் எழுதுங்கள். விற்பவரிடம் ‘திருப்பித் தரலாம்’ என்ற பேச்சை மட்டும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.